வண்டிக்குள் ஓடும் இரண்டு ஒயர்கள்

வண்டியிலிருந்து பேசும் வயர்லெஸ் செட்டுக்கு ஏரியல் வேண்டும், மைக் வேண்டும், பேட்டரியிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் வேண்டும். ஏரியலைப் பற்றியும் செட்டைப் பற்றியும் புத்தகங்கள் நிறைய உண்டு. ஒயரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் செட் பழுது என்று கழற்றிக்கொண்டு போய்த் திறந்து பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து மாட்டிய அனுபவம் இந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் புதிதல்ல. கோளாறு ஒயரில் இருந்திருக்கும். வண்டி வானொலியின் வரலாற்றில் பாதி, செட்டுக்குப் போதுமான மின்சாரத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்த வரலாறுதான்.

மலாக்கா மாநிலத்தில் இந்த வரலாறு தோட்டச் சாலைகளின் வழியே வந்தது. மலாக்கா நகரை ஒட்டி உள்நாட்டுப் பக்கமாக இருக்கிறது புக்கிட் காத்தில். மலாயில் 'புக்கிட்' குன்று, 'காத்தில்' கட்டில். அந்தச் சொல் தமிழிலிருந்தே மலாய் மொழிக்குப் போனது. மத்திய மலாக்கா மாவட்டத்தின் முக்கிம்களில் ஒன்று இது. அதே மாவட்டத்தில்தான் புக்கிட் லிந்தாங்கும் இருக்கிறது. 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்ட இடம் அது. அதன்பின் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் ரப்பர் பரவியது; பால் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள்; அவர்கள் வாழ்ந்த லயங்களும் செம்மண் சாலைகளும் எழுந்தன. பிற்காலத்தில் வயர்லெஸ் பூட்டிய வண்டிகள் ஓடியதும் அந்தச் சாலைகளில்தான்.

ஒயருக்கும் இந்த மண்ணுக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. மின்கம்பிக்கு உறையில்லாவிட்டால் மின்சாரம் ஒழுகிவிடும். உலகின் முதல் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்தது கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால். மலாய்த் தீவுகளின் காட்டு மரங்களிலிருந்து வந்த அந்தப் பொருளை 1843இல் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமெரி. 'கெத்தா' என்ற அந்த மலாய்ச் சொல்லைத்தான் தோட்டத் தமிழர்கள் 'கித்தா' என்று ஆக்கிக்கொண்டு ரப்பரைக் குறித்தார்கள். பிறகு மோட்டார் வண்டிகளின் ஒயர்களுக்கு உறையானது அந்தக் கித்தாவே. 1950கள் வரை பிரிட்டிஷ் வண்டிகளில் ஓடிய ஒயர் பலவும் ரப்பர் பூசி மேலே பருத்தி நூல் பின்னியதுதான். தோட்டத்தில் வடித்த பால் கப்பலேறிச் சீமைக்குப் போய், ஒயராகி, வண்டிக்குள் திரும்பி வந்தது.

வண்டியில் வானொலி வைத்த முதல் முயற்சிகளில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரக் காவல்துறையினது முக்கியமானது. 1923இல் அங்கு ரோந்துக் காரில் வயர்லெஸ் பூட்டினார்கள். செய்தி மோர்ஸ் குறியில் போய் வந்தது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை பேச்சாகவே செய்தி அனுப்பத் தொடங்கியது. ஆனால் அது ஒருவழிதான்: நிலையம் பேசும், கார் கேட்கும், பதில் சொல்ல வேண்டுமானால் போலீஸ்காரர் இறங்கித் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். காரிலிருந்தும் பேசக்கூடிய முழுமையான இருவழி அமைப்பு 1933இல் நியூஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் வந்தது.

கேட்பதிலிருந்து பேசுவதற்குப் போக இத்தனை ஆண்டுகள் எடுத்ததற்கு மின்சாரம் பெரிய காரணம். கேட்கும் செட் சிறிது மின்சாரத்தில் பிழைத்துக்கொள்ளும். பேசும் செட் அப்படியல்ல. அக்காலத்து வால்வுகளுக்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். உள்ளிழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ட் போதும். வால்வுகளின் இழை 6.3 வோல்ட் என்று நிலைபெற்றதே கார் பேட்டரியால்தான்: ஓர் ஈய அமில அறை சுமார் 2.1 வோல்ட், மூன்று அறை கொண்ட பேட்டரி 6.3 வோல்ட். ஆனால் வால்வின் தகட்டுக்கு இருநூறு முந்நூறு வோல்ட் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? முதலில் உலர் பேட்டரிகளை அடுக்கிக் காரின் அடித்தளப் பலகைக்குக் கீழே வைத்தார்கள். அவை விலை கூடியவை, தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியவை.

இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று வைப்ரேட்டர். நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்கும் ஒரு நாக்கு, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்ந்த வோல்ட்டாக மாற்றும். அதன் ரீங்காரம் காருக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் செட் செத்துவிடும். மற்றொன்று டைனமோட்டார்: ஒரே தண்டில் மோட்டாரும் டைனமோவும் சேர்ந்த கருவி. பேட்டரி மோட்டாரைச் சுழற்றும், மறுமுனையில் உயர்ந்த வோல்ட் வரும். பிரிட்டிஷ் இராணுவ வண்டிகளில் இரண்டாம் உலகப் போரின்போது இருந்த 19ஆம் எண் செட் இந்த வகையைச் சேர்ந்தது. 12 வோல்ட்டை வாங்கி 275 வோல்ட்டும் 500 வோல்ட்டும் தந்தது அதன் சுழல்கருவி. இவ்வகைச் செட்டுகள் பலவற்றில் பேசும் பொத்தானை அழுத்தியதும் டைனமோட்டார் கிளம்பும். அந்தக் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் வண்டியின் விளக்கையே மங்கவைக்கும். அப்படி இழுக்கும் கருவிக்கு மெல்லிய ஒயர் எப்படித் தாங்கும் என்ற கேள்வி அங்கே பிறந்தது.

மலாயாவுக்கு வானொலி வந்தது 1921இல். ஜொகூர் அரசின் மின் பொறியாளர் ஏ. எல். பிர்ச் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். போருக்கு முன் தோட்டங்களின் செய்தித் தொடர்பு தொலைபேசிக் கம்பியை நம்பியே இருந்தது. துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் ஊருக்கும் ஒற்றைக் கம்பி ஓடும். மரம் விழுந்தால் அதுவும் போகும். பொதுப்பணி இலாகா, ரயில்வே, தபால் தந்தி இலாகா மூன்றிலும் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் பெரும்பாலும் எழுத்தர்களாகவும் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் உழைப்பாளிகளாகவும் இருந்தார்கள்.

1948 ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. தோட்டத்தின் ஒற்றைத் தொலைபேசிக் கம்பியை வெட்டிவிட்டுத் தாக்குவது எளிது என்பதால், கம்பியில்லாமல் பேசுவது உயிர்ப் பிரச்சினை ஆனது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. ஆயிரக்கணக்கான சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டார்கள். துரைகளின் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். காவல் நிலையங்களிலும் ரோந்து வண்டிகளிலும் வயர்லெஸ் செட்டுகள் பூட்டப்பட்டன.

அவசரகாலத்தின் பெரிய இழப்பிலும் ஒரு வயர்லெஸ் வண்டி இடம்பெறுகிறது. 1951 அக்டோபர் 6இல் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, ஃபிரேசர்ஸ் ஹில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உடன்வந்த காவல்துறையின் வயர்லெஸ் வண்டி வழியிலேயே பழுதாகி நின்றது. கர்னியின் கார் அதற்காகக் காத்திராமல் முன்னே போனது. மலைச் சாலையில் பதுங்கியிருந்தவர்களின் துப்பாக்கிச் சூட்டில் அவர் இறந்தார். அந்த வண்டி கூட இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் செய்தி சொல்லும் வண்டியும் வண்டிதான், அது நின்றால் செய்தியும் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மலாக்காவில் நெருக்கடி மற்ற மாநிலங்களைவிடச் சற்று முன்னதாகவே தளர்ந்தது. 1953 செப்டம்பர் 3இல், கர்னிக்குப் பின் உயர் ஆணையரான ஜெனரல் டெம்ப்ளர் நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவித்தது மலாக்காவின் ஒரு பகுதியைத்தான். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே விலகின. செய்தி இலாகாவின் ஒலிபெருக்கி வண்டிகளும் நடமாடும் சினிமா வண்டிகளும் தோட்டம் தோட்டமாகச் சென்றன, தமிழிலும் பேசின. லயத்து மக்களில் பலருக்கு, மின்சாரம் வண்டிக்குள்ளிருந்தே வரும் என்று காட்டியவை அந்த வண்டிகள்தான்.

அக்காலத்து வண்டியின் மின்சாரம் எவ்வளவு சொற்பம் என்பதைக் கணக்குப் போட்டால்தான் அன்றைய தொழிலாளியின் சிரமம் புரியும். லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ பல பிரிட்டிஷ் கார்களில் இருந்தது. முழு வேகத்தில் சுற்றினால் அது தந்தது 22 ஆம்பியர். இரவில் முன்விளக்குகளும் சிறு விளக்குகளும் சேர்ந்து பத்து ஆம்பியருக்குக் குறையாமல் எடுக்கும். எஞ்சினுக்கான தீப்பொறிச் சுற்று மூன்று நான்கு, மழையில் வைப்பர் இன்னும் இரண்டு மூன்று. மிஞ்சுவது ஐந்தாறு. வால்வு செட் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே இழைகளைச் சூடாக வைத்திருக்க நான்கைந்து ஆம்பியர் போகும். பேசினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மலாக்காவின் மழைக்கால இரவில் பேசினால் பேட்டரியிலிருந்து கடன் வாங்கித்தான் பேச வேண்டும். அதைவிடக் கெட்டது நின்ற வண்டி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஒன்றும் தராது; டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். சாலைத் தடுப்பில் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் நிற்கும் வண்டியின் 60 ஆம்பியர்-மணி பேட்டரி பொழுது விடியுமுன் வண்டியைக் கிளப்பும் தெம்பை இழந்துவிடும். அதனால் செட்டுக்குத் தனிப் பேட்டரி வைப்பதும், காவல் நிலையத்தில் மாற்றுப் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றித் தயாராக வைப்பதும் வழக்கமாயின.

6 வோல்ட் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். வோக்ஸ்வாகன் கார்கள் 1960களின் பிற்பாதி வரை 6 வோல்ட்டில்தான் ஓடின. 120 வாட் தேவைப்படும் செட் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால், 6 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுக்கும். ஒரே ஒயரில் இழப்பு இருமடங்கு. இருக்கும் வோல்ட்டோ பாதி. ஆக, வீணாகும் பங்கு நான்கு மடங்கு. 12 வோல்ட்டுக்கு உலகமே மாறியதில் வண்டி வானொலிக்காரர்கள் அடைந்த நிம்மதியை இந்த ஒரு பெருக்கல் சொல்லிவிடும்.

ஒயரின் உறைக்கு எதிரி தட்பவெப்பம். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சும். எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் முதலில் இளகும், பிறகு வெடித்துப் பொடியும். செம்மண் தூசி ஈரத்தோடு சேர்ந்து இணைப்புகளில் படிந்து, செம்பைப் பச்சை பூக்க வைக்கும். பச்சை பூத்த முனையில் விளக்கு எரியும், செட்டும் கேட்கும், பேசும்போது மட்டும் குரல் அறுந்து போகும். குறைந்த மின்சாரம் போகும், அதிக மின்சாரம் போகாது என்பதே காரணம். பி.வி.சி. உறை வந்த பிறகு இந்தத் தொல்லையில் பெரும்பங்கு தீர்ந்தது. கித்தாவில் பிறந்த ஒயர் கித்தாவைக் கைவிட்டது அப்படித்தான்.

பட்டறைக்காரர்களை வெகுகாலம் அலைக்கழித்த இன்னொரு விஷயம் 'எர்த்'. வண்டியின் உடலோடு பேட்டரியின் ஒரு முனையைச் சேர்த்துவிடுவது வழக்கம். எந்த முனையைச் சேர்ப்பது? பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் முனையைச் சேர்த்தன. லேண்ட் ரோவர் 1960களின் பிற்பாதி வரை அப்படியே வந்தது. ஜப்பானிய வண்டிகள் நெகட்டிவ் முனையைச் சேர்த்தன. இரண்டும் ஒரே தோட்டத்துக் கொட்டகையில் அருகருகே நின்றன. வால்வும் வைப்ரேட்டரும் இருந்த காலத்தில் தவறு நேர்ந்தாலும் சில செட்டுகள் பிழைத்துக்கொண்டன. டிரான்சிஸ்டர் வந்ததும் மன்னிப்பு இல்லாமல் போனது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் 1950களின் முடிவில் வண்டி செட்டுகளின் மின்வழங்கியில் வைப்ரேட்டரின் இடத்தைப் பிடித்தது. 1960களில் செட்டின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. ரீங்காரம் அடங்கியது, மின்செலவு குறைந்தது. ஆனால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் ஒரு கணத்தில் டிரான்சிஸ்டர் கருகும். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் இயங்கிய பை நிறுவனம் போன்றவை செய்த செட்டுகள் சிலவற்றில் உள்ளே இணைப்பை மாற்றி இரண்டுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள முடியும். அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடமானது. செட்டின் ஒயரில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்ற நிறங்களை மாற்றக் கூடாது என்ற கண்டிப்பும் வலுத்தது.

மின்சாரம் சரியாக வந்தாலும் இரைச்சல் வந்து கெடுக்கும். மார்க்கோனி காலத்து ஒலிபரப்புக் கருவி தீப்பொறியால்தான் அலையை எழுப்பியது. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் தீப்பொறிதான்; அது தன்னையறியாமல் அலையை எழுப்பிக்கொண்டே இருக்கும். எஞ்சின் வேகத்துக்கேற்ப டப்டப்பென்று கேட்டால் அது பிளக். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளையாகக் கேட்டால் டைனமோ. கரகரவென்றால் எங்கோ தளர்ந்த இணைப்பு. தேர்ந்த கை காதை வைத்தே கோளாறைப் பிரித்துச் சொல்லிவிடும். டைனமோவின் முனையில் ஒரு கண்டென்சர், பிளக் ஒயரில் மின்தடை, எஞ்சின் மூடியையும் உடலையும் சேர்க்கும் பின்னல் பட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டு அடக்குவார்கள். இவற்றுள் எதுவும் பலிக்காதபோது பலித்தது ஒன்று: செட்டின் இரண்டு ஒயர்களையும் வண்டியின் மற்ற ஒயரிங்கைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோவது. பேட்டரியே மிகப்பெரிய வடிகட்டி. அதன் முனையில் இரைச்சல் மிகக் குறைவு.

இன்று பெரும்பாலான செட்டுகளின் கையேட்டில் வலியுறுத்தப்படும் விதி இதுதான். அன்று இது எளிதில் நிலைபெறவில்லை. சுவிட்சுப் பலகையில் கைக்கெட்டும் ஒயரை வெட்டி அதிலிருந்து எடுப்பது பத்து நிமிட வேலை. பேட்டரி வரை போவதற்கு எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகரத்தைத் துளைக்க வேண்டும், துளையில் ரப்பர் வளையம் போட வேண்டும், சூடான குழாயைத் தொடாமல் ஒயரைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். வளையம் போடாத துளையின் விளிம்பு நாளாவட்டத்தில் உறையை அறுத்து, ஒயர் தகரத்தில் பட்டுத் தீப்பிடிக்கும். மோரிஸ் மைனர் போன்ற கார்களின் ப்யூஸ் பெட்டியில் வேலையிலிருந்தவை 35 ஆம்பியர் ப்யூஸ் இரண்டே இரண்டு. மெல்லிய ஒயர் கருகிப் புகையும்போதும் 35 ஆம்பியர் ப்யூஸ் அசையாமல் இருக்கும்.

1960களில் டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. நின்ற வண்டியிலும் சார்ஜ் ஏறியது. ஜப்பானிய கார்களும் பிக்கப் வண்டிகளும் மலேசியச் சாலைகளை நிறைத்தன. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. எல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். செட்டுகள் ஓடும் வண்டியின் 13.8 வோல்ட்டுக்கு ஏற்றபடி செய்யப்பட்டன. ஆனாலும் ஒயரின் தடிமன் பற்றிய கணக்கு மாறவில்லை. 50 வாட் வி.எச்.எஃப். செட் பேசும்போது சுமார் 12 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து செட் வரை 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு 1.1 வோல்ட்டைத் தாண்டும். 2.5இல் 0.7. நான்கில் 0.45க்குள். முதல் ஒயரில் 13.8 வோல்ட் 12.7க்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சின் அணைந்திருந்தால் இன்னும் கீழே, செட் தானாகவே அணைந்துபோகும் அளவுக்கு. ஒயரில் மிச்சம் பிடித்த சில வெள்ளி, பேச வேண்டிய நேரத்தில் பேச்சை வாங்கிக்கொள்ளும்.

ப்யூஸ் விஷயத்தில் அனுபவம் சொல்லித்தந்த பாடம் சற்று விசித்திரமானது. பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ப்யூஸ் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்கும்: ஒயர் எங்கே உராய்ந்தாலும் ப்யூஸ் காப்பாற்றும். நெகட்டிவ் ஒயரிலும் ஏன்? எஞ்சினையும் வண்டி உடலையும் பேட்டரியோடு சேர்க்கும் பட்டை துருவேறி அறுந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஏரியல் வழியாகவும் செட்டின் உடல் வழியாகவும் நெகட்டிவ் ஒயருக்குள் பாயும். சாவியைத் திருப்பிய கணத்தில் அந்த ஒயர் பழுக்கக் காயும். அதனால்தான் இரண்டு ஒயர்களிலும் ப்யூஸ் வந்தது. கடல் காற்றும் ஈரமும் உள்ள மலாக்காவில் எர்த் பட்டை துருவேறுவது அரிதல்ல.

1970களிலிருந்து ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. வயர்லெஸ்ஸுக்கு ஒரு புதிய தேவை பிறந்தது. ரப்பர்ப் பாலும் அன்றே ஆலைக்குப் போக வேண்டியதுதான். செம்பனைக் குலையின் கெடு இன்னும் கறார்: அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். எந்த லாரி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எது சேற்றில் புதைந்தது, ஆலையில் எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்பதை அறியாமல் குலையை நேரத்தில் சேர்க்க முடியாது. தோட்ட ஆபீசில் ஒரு செட், மேலாளர் வண்டியில் ஒன்று, தோட்ட வேலையைக் கண்காணிக்கும் கண்டக்டர் கையில் ஒரு வாக்கி-டாக்கி என்று அமைந்தது. 1974இல் மோட்டரோலா பினாங்கில் ஆலை தொடங்கி, பிற்காலத்தில் இருவழி வானொலிகளை உலகுக்கே அங்கிருந்து அனுப்பியது. மலாக்காவில் 1973இல் பத்து பெரண்டாமில் சீமென்ஸ் தொடங்கிய குறைக்கடத்தி ஆலை இன்றும் இன்ஃபினியன் என்ற பெயரில் நடக்கிறது. அவசரகாலத்தில் செட்டை இறக்குமதி செய்த நாடு, முப்பது ஆண்டுக்குள் அதன் உறுப்புகளையும் முழு செட்டையும் ஏற்றுமதி செய்தது. இந்த மாற்றத்துக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

லாரியில் செட் பூட்டுவது தனிக் கலை. பெரிய டீசல் லாரிகள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்திருப்பார்கள். செட்டோ 12 வோல்ட். நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். அதனால் இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட்டை எடுக்கும் பழக்கம் வந்தது. முதல் நாள் நன்றாக வேலை செய்யும். சில மாதங்களில் செட்டுக்குக் கொடுக்கும் பேட்டரி பட்டினியில் வற்றும்; மற்றது அளவுக்கு மீறி ஊட்டப்பட்டுக் கொதித்து நீர் வற்றும். இரண்டு பேட்டரியும் சாகும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் வாங்குவது அந்த இரண்டு பேட்டரிகளின் விலையைவிட மலிவு.

செம்பனைத் தோட்டம் ஒயருக்கு இன்னொரு பகையையும் கொண்டுவந்தது: எலி. உதிர்ந்த பழத்தைத் தின்று பெருகும் எலிகள் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குள் புகுந்து உறையைக் கொறிக்கும். எலியை ஒழிக்கத் தோட்டங்கள் கூண்டு கட்டிக் கூகை வளர்த்தன, அது பலித்தது. ஒயரைக் காக்க, மடிப்புக் குழாய்க்குள் ஒயரை விட்டு எடுப்பது வழக்கமானது.

1985இல் தொலைத்தொடர்பு இலாகா அத்தூர் 450 என்ற நடமாடும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கார் போன் என்று மக்கள் அழைத்த அந்தப் பெரிய கருவிகளும் வண்டியின் பேட்டரியிலிருந்தே ஓடின. செட் பூட்டிப் பழகிய கைகளுக்கு அது புதிய வேலையாக இல்லை. வணிகர்களும் மருத்துவர்களும் வாங்கினார்கள். கைப்பேசி மலிவான பிறகு அந்த வேலை ஓய்ந்தது. தாக்சிகளும் லாரிகளும் மெல்ல மெல்ல செட்டைக் கழற்றின.

கழற்றாதவர்களும் உண்டு. காவல்துறை, தீயணைப்பு, பாதுகாப்புச் சேவைகள் தங்களுக்கான வலையமைப்புகளில் இன்றும் வண்டி செட்டுகளை வைத்திருக்கின்றன. தோட்டங்களும் நிறுவனங்களும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் அலைவரிசை அனுமதி பெற்றுப் பயன்படுத்துகின்றன. வானொலி ஆர்வலர்கள் தேர்வெழுதி உரிமம் பெற்று, தீபகற்பத்துக்குரிய 9எம்2, 9டபிள்யூ2 என்ற அழைப்புக் குறிகளோடு காரில் செட் பூட்டிப் பேசுகிறார்கள். புக்கிட் காத்திலிலிருந்து கிழக்கே, வானம் தெளிந்த நாளில், 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலை தெரியும். அதன் உச்சியில் ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது; கண்ணுக்குத் தெரியும் மலையோடு பேசுவது எளிது. வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போனால், வண்டியின் பேட்டரியும் இரண்டு ஒயர்களும் மட்டுமே மிஞ்சும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

இன்றைய வண்டிகள் புதிய சிக்கலைக் கொண்டுவந்துள்ளன. பல புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஓர் உணர்கருவி உட்கார்ந்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணுகிறது. செட்டின் நெகட்டிவ் ஒயரைப் பழைய வழக்கப்படி அந்த முனையிலேயே கட்டினால் கணக்குத் தப்பும். பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது. உணர்கருவியைத் தாண்டி, வண்டி உடலில் பேட்டரிக்கென்று இருக்கும் எர்த் முனையில் கட்ட வேண்டும். நேராகப் பேட்டரிக்கு என்ற பழைய விதிக்கு வந்த திருத்தம் இது.

இந்தத் தொழிலின் அறிவு பெரும்பாலும் கையிலிருந்து கைக்குப் போனது. எந்த லேண்ட் ரோவரில் எந்த வழியாக ஒயர் ஓடியது, வைப்ரேட்டர் ஒட்டிக்கொண்டால் எப்படித் தட்டி எழுப்பினார்கள், எர்த் மாறிய வண்டிகளை எப்படி அடையாளம் வைத்தார்கள் என்பதையெல்லாம் தமிழில் எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. தோட்டப் பட்டறைகளிலும் தொலைத்தொடர்பு இலாகாவிலும் காவல்துறையின் வயர்லெஸ் பிரிவிலும் வேலை செய்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், அவர் சொல்வதைக் குறித்து வையுங்கள். கொட்டகையில் பழைய செட்டோ, கையால் வரைந்த ஒயரிங் படமோ கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.